சர்க்கரைக்கு அடுத்தவள்

ஜனவரி 9

அண்ணிக்கு,

கர்த்தரின் கிருபை உங்களோடிருப்பதாக. நலமா என்று கேட்கவில்லை. என் குரல் கேட்டதும் போனைத் துண்டிக்கிற வேகத்தைப் பார்த்தால் கை கால் எல்லாம் நன்றாகவே இயங்குகின்றன என்று தெரிகிறது. அதனால்தான் கடிதம்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வருடத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஆவிக்குரிய வளர்ச்சிக்கு மூன்று இலக்குகளைச் சொல்ல வேண்டும். ஒன்று தேவனோடு, ஒன்று தன்னோடு, ஒன்று பிறரோடு. 'இனி நல்லவளாக இருப்பேன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எங்கள் தலைவி அம்மா உட்கார விடமாட்டார். எதை, யாரிடம், எப்படி என்று சொல்லியாக வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லோர் முன்பும் அறிக்கை கொடுக்க வேண்டும்.

என் முதல் இலக்கு, விடியுமுன் எழுந்து ஜெபிப்பது. இரண்டாவது, தேநீரில் சர்க்கரையை விட்டுவிடுவது. மாம்சத்தை அடக்க அது ஒரு பயிற்சி. மூன்றாவது, என் அண்ணனின் அடக்க நாளில் நீங்கள் நடந்துகொண்ட விதத்துக்காக உங்களை மன்னித்து, மாதம் ஒரு கடிதம் எழுதுவது.

இது முதல் கடிதம். உங்களிடமிருந்து பதிலை எதிர்பார்க்கவில்லை. மெய்யான மன்னிப்பு பதிலை எதிர்பார்க்காது.

வரவேற்பு மேசைக்கு முன்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். பல் மருத்துவமனை வேலையில் இதற்கு மேல் எழுத நேரமில்லை.

கர்த்தருக்குள்,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 20

அடியே தராசு,

உன் அண்ணன் வைத்த பெயரால்தான் கூப்பிடுவேன். ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தால்கூட இது எதற்கு, ஏன் இவ்வளவு என்று எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்குவாய் என்று அவர் வைத்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. சலவைக்கூடத்தில் என் பக்கத்தில் துணி மடிக்கிற அக்கா, "என்ன இது, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டாள். "இல்லக்கா, எனக்கு மன்னிப்பு வந்திருக்கு"ன்னேன். "நீ எதுக்கு விண்ணப்பம் போட்டே?" என்றாள். அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

முதல் இடம் ஜெபம். சரி, கடவுளோடு நான் போட்டிக்கு வரமாட்டேன். இரண்டாவது இடம் சர்க்கரையா? ஒரு கரண்டிச் சர்க்கரைக்கு அப்புறம்தான் உன் கூடப்பிறந்தவன் பெண்டாட்டியா? என்னைவிட அதை விடுவதுதான் உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மரியாதைக்காவது என்னை முன்னால் போட்டிருக்கலாம்.

எழுந்து நின்று சொன்னாயாமே! அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தாயா? ஒருத்தி, நான் நகையைச் சுருட்டிக்கொண்டு ஓடியவள் என்று நினைத்திருப்பாள். இன்னொருத்தி, காப்பியில் எதையாவது கலந்திருப்பேன் என்று நினைத்திருப்பாள். உன் மன்னிப்பினால் நான் இப்போது முன்பின் தெரியாத ஊரில் கொலைகாரி.

பசிக்காதவள் வாயில் சோற்றை அமுக்குகிற மாதிரி இருக்கிறது நீ செய்வது. என்னை உன் வளர்ச்சியிலிருந்து எடுத்துவிடு. வளர்ந்தே தீருவேன் என்றால் வேறு யார் தலையிலாவது ஏறி நின்று வளர்ந்துகொள்.

இப்படிக்கு,
சர்க்கரைக்கு அடுத்தவள்


பிப்ரவரி 3

அண்ணிக்கு,

சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். முன்பக்கத்தில் 'கறை போகவில்லை' என்று அச்சாகியிருக்கிறது. வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் பேச்சுக்கு நான் கோபப்படப் போவதில்லை. கோபம் என் இலக்கில் இல்லை.

சனிக்கிழமை அறிக்கையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கடிதம் எழுதினேன் என்றேன். "பதில் வந்ததா?" என்று தலைவி அம்மா கேட்டார். வந்தது என்றேன். "வாசிங்க" என்றார். எந்த அளவுக்குக் கடினமான ஒருவரை நான் மன்னிக்க முயல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று வாசித்தேன்.

சிரித்தார்கள். கோர்ட்டு நோட்டீஸுக்கு ஒரு சிரிப்பு, கொலைகாரிக்கு ஒரு சிரிப்பு. தலைவி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். விடியுமுன் எழுந்து ஜெபித்தேன் என்று நான் சொன்னபோது எல்லோரும் சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பெயர் அங்கே இப்போது 'சர்க்கரை அண்ணி'.

பரிசுத்தமான ஒரு காரியத்தைக் கூத்தாக்க உங்களால் முடிகிறது, இருக்கிற இடத்திலிருந்தே. அன்றும் அதைத்தான் செய்தீர்கள்.

கர்த்தருக்குள்,
நாத்தனார்


பிப்ரவரி 17

தராசு,

யாரைக் கேட்டு என் கடிதத்தை வாசித்தாய்?

உன்னைத் திட்டி எழுதியது உனக்கு. ஊருக்கு இல்லை. ஒருத்தி கூடத்துக்குள் வைத்து உன்னை அடித்தால் அது குடும்பச் சண்டை, அதைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனவள் நீ. சிரித்தார்களாம்! நன்றாகச் சிரிக்கட்டும். உன் முகத்தை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டாமா?

நீ இலக்கு, இலக்கு என்று எழுதியதைப் பார்த்து எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான். மூன்று வைக்கிற அளவுக்கு நான் வளரவில்லை. இதை நீ அங்கே வாசிக்கக் கூடாது. வாசித்தால் எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே.

நான் வேலை பார்க்கிற விடுதியில் அழுக்குப் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி வரும். துவைத்து வந்ததை நான் இஸ்திரி போடுவேன். ஒரு விரிப்பை எடுத்து, விரித்து, தேய்த்து முடிக்கிற நேரத்தில் ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபத்தை ஒருமுறை சொல்லிவிடலாம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது பழக்கம். உன் அண்ணன் போனதிலிருந்து நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிடுகிறேன். எந்த வரி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் நமக்குச் செய்ததை நாம் மன்னிக்கிற மாதிரி என்று வருமே, அதுதான். தெருவில் சேறு கிடந்தால் புடவையைத் தூக்கிக்கொண்டு எட்டி வைப்போமே, அப்படி அந்த இடத்தில் எட்டி வைத்துவிடுகிறேன். நாக்கு வரமாட்டேன் என்கிறது.

அதைத் தாண்டாமல் ஒரு விரிப்பை முடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் இலக்கு. நடுவில் கிடக்கிற சேறு நீதான்.

சர்க்கரைக்கு அடுத்தவள்


மார்ச் 6

அண்ணிக்கு,

அந்த விரிப்புப் பகுதியை வாசிக்கவில்லை. உங்கள் மிரட்டலுக்குப் பயந்து அல்ல. அது ஜெபம். ஜெபத்தை வாசித்துக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. மற்றதை வாசித்தேன். 'உன் முகத்தை மாதக்கணக்காக' என்ற இடத்தில் என் முன்னாலேயே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். உங்களுக்குத் திருப்திதானே?

ஆனால் என்னைச் சேறு என்று எழுதியதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

பெட்டியில் கிடந்தவர் என் அண்ணன். அவர் கால்மாட்டில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியவர் நீங்கள். முதலில் நானும் அழுகை என்று நினைத்து உங்கள் முதுகைத் தடவ வந்தேன். முந்தானை விலகியது. நான் நாள் முழுக்கத் திறந்த வாய்களைப் பார்க்கிறவள். வலியில் திறக்கிற வாய் எது, சிரிப்பில் திறக்கிற வாய் எது என்று எனக்குத் தெரியாதா?

அன்று நான் சொன்னதில் தவறில்லை. இன்றும் அதையே சொல்வேன். அதற்காகத்தான் உங்களை மன்னிக்கிறேன். உங்களுக்கு வரி நாக்கில் வராததற்கு நான் காரணம் இல்லை. அப்படிச் சிரித்த வாயில் ஜெபம் முழுதாக எப்படி வரும்?

சர்க்கரையில்லாத தேநீர் இன்னும் கசக்கிறது. இதை எழுதக் காரணம், அறிக்கையில் இதையெல்லாம் இப்போது யாரும் கேட்பதில்லை என்பதுதான். நான் எழுந்ததும், "சர்க்கரை அண்ணி என்ன எழுதியிருக்காங்க?" என்கிறார்கள்.

நாத்தனார்


மார்ச் 19

உன் ஐக்கியத்துப் பெண்களுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு இல்லை, தராசு. நீ வெறும் வாய். உன் மூன்றாவது இலக்கு உண்மையென்றால் எழுந்து நின்று, ஒரு எழுத்து விடாமல் இதை அவர்களுக்கு வாசி. என் வசவை வாசிக்கத் தைரியம் இருந்ததல்லவா, இதற்கும் இருக்கட்டும்.

அம்மாக்களே, அக்காக்களே, வணக்கம். உங்களுக்கெல்லாம் சிரிப்புக் காட்டிய அண்ணி நான்தான். இந்த முதல் சீட்டில் சிரிப்பு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த நாளில் நான் சிரித்தேன். உண்மை. அதைப் பார்த்த என் நாத்தனார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்: "சிரிக்கிறா பாருங்க! எங்கண்ணன் எப்பப் போவான்னு காத்துட்டிருந்தா!" போதகர் நிற்கிறார், என் சபைக்காரர்கள் நிற்கிறார்கள், என் முதலாளி நிற்கிறார். சொல்லிவிட்டுச் சாயங்கால வண்டிக்குப் போய்விட்டாள். அந்தச் சொல்லோடு அதே ஊரில் இருந்தவள் நான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வாசலில் நின்றே பேசிவிட்டுத் திரும்பினார்கள். ஆராதனைக்குப் போனால் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நாள் வெறும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் போவதை விட்டுவிட்டேன். இப்போது என் ஆலயம் சலவைக்கூடம்தான். உங்கள் தோழி மன்னிக்கப் புறப்பட்டிருப்பது இவளைத்தான்.

இனி இரண்டாவது சீட்டு. ஏன் சிரித்தேன் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு எந்தக் கட்டிலும் பத்தியதில்லை. கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கும். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்த கட்டிலிலும் அப்படித்தான். நர்ஸம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் காலில் இடித்துக்கொள்வாள். அவர் உடனே, "மன்னிச்சிடுங்க சிஸ்டர், என் கால் முன்னாலேயே வீட்டுக்குக் கிளம்பிடுச்சு" என்பார்.

போவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று காதைக் கொண்டுபோனேன். "ஏய், எனக்குன்னு அளவெடுத்து ஒரு கட்டில் வரப்போவுது. காலை நல்லா நீட்டிப் படுப்பேன். இனிமே எவ தலைகாணியிலயும் என் கால் வராது. அன்னைக்கு எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பாங்க. நீ மட்டும் என் காலைப் பாரு. சரியா இருந்தா சிரி. அப்பத்தான் நான் நிம்மதியாப் போவேன்."

பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. விரல் நுனியிலிருந்து பலகைக்கு ஒரு விரல்கடை இடம்கூட மிச்சம் இருந்தது.

சிரித்தேன். அவ்வளவுதான்.

சர்க்கரைக்கு அடுத்தவள்


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

முதல் சீட்டின் பாதி வரை படித்தேன். 'கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி' என்ற இடத்தோடு மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மீதி என்னவென்று பார்க்கவும் விருப்பமில்லை.

ஐக்கியம் ஒன்றும் உங்கள் வழக்காடு மன்றம் அல்ல. சனிக்கிழமை வாசிக்கவில்லை. கடிதம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முகமும் வாடிவிட்டது. "பாவம், சர்க்கரை அண்ணிக்கு உடம்புக்கு என்னமோ" என்று உங்களுக்காக ஒரு ஜெபமும் ஏறெடுத்தார்கள். நான்தான் முன்னின்று நடத்தினேன்.

இந்த மாதக் கடிதம் எழுதியாகிவிட்டது. கடமை முடிந்தது.

நாத்தனார்


ஏப்ரல் 11

தராசு,

நல்லா வளர்ந்திருக்கிறாய்!

விடியுமுன் எழுந்து ஜெபித்து, தேநீரைக் கசக்கக் கசக்கக் குடித்து, கடைசியில் ஜெபக்கூடத்தில் நின்று ஒரு பொய். அதுவும் வெறும் பொய்யா? அந்தப் பொய்க்குக் கண்ணை மூடி, கைகூப்பி, ஆமென் வேறு. அதைக் கேட்டு ஆண்டவரே ஒரு நிமிஷம் என் உடம்பைத் தொட்டுப் பார்த்திருப்பார், காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா என்று.

இனிமேல் எனக்கு எழுதாதே. உன் பொய்க்கு நான் உடந்தையாக மாட்டேன். வேறு கடிதம் வந்தால் பிரிக்காமல் கொதிக்கிற தொட்டியில் போடுவேன். கறை போகிறதா என்று பார்ப்போம்.

உன் மன்னிப்பைத் திருப்பி அனுப்ப முடியாததால் இங்கேயே வைத்திருக்கிறேன். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணி,

தொட்டியில் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

சனிக்கிழமை வாசித்தேன். உங்களுக்காக வாசிக்கவில்லை. அந்தப் பொய்யோடு விடியலில் முழங்கால் போட முடியவில்லை. அதனால் வாசித்தேன். கடிதம் அப்போதே வந்துவிட்டது, நான் பொய் சொன்னேன் என்று முதலில் சொன்னேன். பிறகு பையிலிருந்து எடுத்து, எழுந்து நின்று, தொடங்கினேன்.

முதல் சீட்டை முடித்தேன். நான் உங்களைப் பற்றிச் சொன்னதை என் வாயாலேயே, உங்கள் எழுத்தில் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது சீட்டை அதுவரை நான் பார்த்தவளில்லை. அங்கேதான் முதன்முதலாகப் படித்தேன். நர்ஸம்மா வரைக்கும் சமாளித்தேன். தலையணை வந்ததும் முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில். அவன் தலை அந்தப் பக்கம், என் தலை இந்தப் பக்கம். ராத்திரி முழுக்க அவன் கால் என் தலையணையில்தான் கிடக்கும். கடித்துவைப்பேன். "ஐயோ, தராசு என் விரலை எடை போடுறா!" என்று கத்துவான். அப்பாவிடம் அடி வாங்குவது நான். தராசு என்ற பெயர் அந்தக் கட்டிலில் வைத்தது. வாழைப்பழத்தால் வந்தது என்று உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

சிரித்துவிட்டேன், அண்ணி. மெல்ல இல்லை. வாயைப் பொத்தினேன், கை பத்தவில்லை. குலுங்கினேன். ஒரு விதவையின் துக்கத்தை வாசித்துவிட்டு, ஜெபக்கூடத்தின் நடுவில், எல்லோரும் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது, நான் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம், "சிரிக்கிறா பாரு, மனசுல ஈரமே இல்ல" என்றாள். என் காதில் விழுந்தது. அவளுக்கு விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

என்னை இந்த நிலையில் நிறுத்தியதற்கு உங்களை என்ன செய்யலாம் என்று தெரியவில்லை. சிரித்துவிட்டு இதை நீங்கள் அன்றே சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கவில்லைதான். கேட்காவிட்டால் என்ன, வண்டியை மறித்தாவது சொல்லியிருக்க வேண்டாமா? உங்கள் வாய் எதற்குத்தான் அடங்கியிருக்கிறது?

கடைசியில் தலைவி அம்மா, "மூணாவது இலக்கு நிறைவேறிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மன்னிக்கப்பட வேண்டிய ஆளை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தேன். அதையும் வரும் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

தராசு


மே 15

தராசு,

உன் கடிதம் தொட்டிக்குப் போகவில்லை. போட்டிருப்பேன், மடிப்பு அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவளே உரக்கப் படித்தாள். 'கை பத்தவில்லை' என்ற இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார். இப்போது உனக்கும் இங்கே ஒரு பெயர் இருக்கிறது. சொல்லமாட்டேன்.

வண்டியை மறித்திருக்க வேண்டுமாம். புருஷனைப் புதைத்த கையோடு உன் பஸ்ஸுக்கு முன்னால் நான் படுத்திருக்க வேண்டும், அப்படித்தானே? உன் நியாயமே நியாயம். அந்த வெறும் பெஞ்சை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உன் கூட்டத்தில் போய்ச் சொல்லாதே. நீ என் சபைக்கு வந்து, அதே ஆட்களுக்கு முன்னால், அதே வாயால் பேசினால் அன்றைக்குப் பார்க்கலாம்.

நேற்றுக் காலை விரிப்பை எடுத்தேன். ஜெபத்தைத் தொடங்கினேன். அந்த இடம் வந்தது. புடவையைத் தூக்கிக்கொள்ளும்போது உன் மூஞ்சி முன்னால் வந்து நின்றது. எப்போதும் வருகிற மூஞ்சி இல்லை. பல்லெல்லாம் தெரிய, வாயைப் பொத்தப் பார்க்கிற மூஞ்சி. அப்படி ஒன்று உனக்கு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அவர் மூஞ்சி மாதிரியே இருந்தது. காலை அந்தச் சேற்றிலேயே வைத்துவிட்டேன். அந்த வரியில் பாதி வரைக்கும் போனேன். அதற்குள் இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்று விரிப்பு கருகிவிட்டது. நல்ல விரிப்பு. அந்தப் பழியும் உன் தலையில்தான்.

மீதிப் பாதி கடிதத்தில் வராது. நீ நேரில் வர வேண்டும். அவர் கட்டில் அப்படியேதான் இருக்கிறது. கால் தொங்கக் கூடாது என்று கால்மாட்டில் ஒரு தகரப் பெட்டியைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு தலையணை வைத்திருந்தேன். இன்னும் எடுக்கவில்லை. நீ தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுத்துக்கொள். நான் இந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறேன். என் கால் அவ்வளவு நீளம் இல்லை. கடித்தாயானால் திருப்பிக் கடிப்பேன்.

சர்க்கரை வீட்டில் இருக்கிறது. முதலில் எனக்குப் போட்டுவிட்டு அப்புறம்தான் உனக்கு.

இப்படிக்கு,
சர்க்கரைக்கு முந்தியவள்